நீலக் கல்யாணமும் வெள்ளைச் சங்கும்

காமு மாமி யாரைப் பார்த்தாலும் முதலில் நலம் விசாரிக்க மாட்டாள். நகரச் சொல்வாள்.

"சித்த இந்தப் பக்கம் வாங்கோ. உங்களுக்குப் பின்னாடி ஜன்னல் இருக்கு, மூஞ்சியே தெரியல."

கையில் கேமரா இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர், கீரை விற்கிறவள், எல்.ஐ.சி. ஏஜென்ட், எல்லோரும் பாலிகஞ்ச் ஃபிளாட்டின் வாசலில் ஒரு முழம் தள்ளி நின்றுதான் பேசியாக வேண்டும். காய்ச்சல் என்று டாக்டரிடம் போனபோது அவர் நாக்கை நீட்டச் சொன்னார். "அந்த டியூப்லைட்டுக்கு நேரா திரும்பி நீட்டட்டுமா டாக்டர்? இங்க நிழல் அடிக்கறது" என்றாள். டாக்டர் நாற்காலியையே திருப்பிப் போட்டாராம்.

பிறந்தது மாயவரம். கல்யாணமாகிக் கொல்கத்தா வந்து நாற்பது வருஷத்தைத் தொடப்போகிறது. கரியாஹாட்டில் ஒரு பாங்கில் கௌண்டரில் உட்கார்ந்து ரிட்டயர் ஆனவள். கணவர் சிவராமகிருஷ்ணன் ரயில்வே ஆபீஸ். அவர் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். சாப்பிடுவது தமிழில், கோபப்படுவது வங்காளத்தில்.

மாமிக்கு வங்காளம் வராது என்று சொன்னால் சண்டைக்கு வருவாள். "என்ன பெரிய பாஷை? வாயை முட்டை மாதிரி வெச்சுண்டு எல்லா வார்த்தைக்கும் ஒரு 'ஓ' போட்டா பெங்காலி. ஜலம்னா ஜொல். பலம்னா பொல். முடிஞ்சுது" என்பாள். முடியவில்லை. வங்காளத்தில் ஆலோ என்றால் வெளிச்சம். ஆலு என்றால் உருளைக்கிழங்கு. இந்த ஓ-வுக்கும் ஊ-வுக்கும் நடுவில் மாமி இத்தனை வருஷமாக ஊஞ்சலாடிக்கொண்டிருக்கிறாள். ஒருமுறை கரண்ட் போனபோது மாடிப்படியில் நின்றுகொண்டு "ஆலு நேய்! ஆலு நேய்!" என்று கத்தினாள். நேய் என்றால் இல்லை. கீழ்வீட்டு ஷிப்ரா பௌதி பதறிப்போய் அரைக் கிலோ உருளைக்கிழங்கோடு இருட்டில் ஏறி வந்தாள். பௌதி என்றால் மன்னி. கட்டடம் முழுக்க அவள் எல்லோருக்கும் மன்னிதான்.

வெளிச்சத்தின் மேல் மாமிக்கு இத்தனை கவலை வந்ததற்குக் காரணம், சிங்கப்பூரிலிருந்து மைத்துனர் கொண்டுவந்து கொடுத்த ஒரு வீடியோ கேமரா. தொண்ணூற்றெட்டாம் வருஷம் வந்தது. உள்ளங்கை அகலத்தில் கேசட் போடுகிற சாதி. அதை இன்னும் உயிரோடு வைத்திருக்கிறாள். பாட்டரி மட்டும் எப்போதோ கண்ணை மூடிவிட்டது. அதனால் கேமராவின் வாலில் கறுப்பு ஒயர், ஒயரின் வாலில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் என்று மாமி படம் எடுக்கப் போனால் பின்னாலேயே ஒரு பாம்பு வரும்.

கேசட்டுகளை அவள் பார்த்துக்கொள்கிற அழகைப் பார்த்து சிவராமகிருஷ்ணன் பெருமூச்சு விடுவார். "நானும் ஒரு கேசட்டாப் பொறந்திருக்கலாம்."

எல்லாம் பிஸ்கட் டின்களில், புஸ்தகம் மாதிரி செங்குத்தாக நிற்கும். படுக்க வைக்கக் கூடாது. ரேடியோ ஸ்பீக்கர் பக்கத்தில் வைக்கக் கூடாது. பார்த்து முடித்தால் ஆரம்பம் வரைக்கும் சுற்றி வைக்க வேண்டும், பாதியில் நிறுத்தி எடுத்தால் மாமிக்குப் பாதித் தூக்கத்தில் எழுந்த மாதிரி தலைவலி வரும். கொல்கத்தா ஈரத்தில் நாடாவில் பூஞ்சை பிடிக்கும் என்பதால் ஒவ்வொரு டின்னிலும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள். 'சாப்பிடாதே' என்று எழுதியிருக்குமே, புதுச் செருப்புப் பெட்டிக்குள் கிடக்குமே, அதுதான். கரியாஹாட் செருப்புக்கடைகளில் மாமியைத் தெரியாத ஆள் கிடையாது. செருப்பு வாங்குவது அபூர்வம். பெட்டியைத் திறந்து பொட்டலத்தை மட்டும் கேட்பாள். சொந்தக்காரர்கள் அவளைப் பார்க்க வரும்போது பூவும் பழமும் வாங்குவதில்லை, ஒரு கவரில் பொட்டலம் சேர்த்துக் கொண்டுவந்து கொடுப்பார்கள். மழைக்காலத்தில் அவற்றைத் தோசைக்கல்லில் போட்டு, அடுப்பைச் சிம்மில் வைத்து, ஈரம் போக்கித் திரும்ப வைப்பாள். "காமு, இன்னிக்கு டிபன் என்ன?" என்று கேட்டுக்கொண்டே வந்து கல்லை எட்டிப் பார்த்த சிவராமகிருஷ்ணன், சத்தமில்லாமல் வெளியே போய் ஒரு எக் ரோல் சாப்பிட்டுவிட்டு வந்த கதை உண்டு. அதை மாமி இன்றுவரை 'காய்கறி ரோல்' என்று நம்புகிறாள்.

இந்த ஞானமெல்லாம் அடிபட்டு வந்தது. கேமரா வந்த முதல் ஆயுதபூஜைக்கு, தையல் மெஷினுக்கும் அரிவாள்மணைக்கும் வைத்த கையோடு கேமராவுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாள். கேசட் போடுகிற கதவில் ஒரு பொட்டு. ஒவ்வொரு கேசட்டின் நெற்றியிலும் ஒரு பொட்டு. போதாக்குறைக்கு இங்கே சரஸ்வதி பூஜை தை மாசியில் தனியாக வருகிறதே, அப்போது ஷிப்ரா பௌதி வீட்டு சரஸ்வதி காலடியில் வைத்து இன்னொரு சுற்று. காய்ந்த சந்தனம் உதிர்ந்து உள்ளே போயிற்று. அடுத்த தடவை கேசட்டைப் போட்டபோது திரை முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பொரிந்தது.

"இது எப்ப எடுத்தே? நாம டார்ஜிலிங் போனோமா என்ன?" என்று கேட்டார் சிவராமகிருஷ்ணன்.

"கொலுன்னா இது."

"கொலுவில பனி பெய்யறதே!"

ஆனால் பனி பெய்ததுகூடப் பரவாயில்லை. மாமியின் மானத்தை வாங்கியது நீலம்.

சிவராமகிருஷ்ணனின் தங்கை மாதவிக்குக் கல்யாணம். அதே தொண்ணூற்றெட்டு, கேமரா வீட்டுக்கு வந்த புதிது. "வீடியோக்காரனுக்கு எதுக்குத் தண்டம்? மன்னி இருக்கேன்" என்று மாமி களத்தில் இறங்கினாள். கேமராவோடு வந்த புஸ்தகத்தை அட்டையிலிருந்து அட்டை வரை படித்திருந்தாள். அதில் ஒரு விஷயம் போட்டிருந்தது. ஒவ்வொரு இடத்து வெளிச்சத்துக்கும் ஒரு நிறம் உண்டு. கேமராவுக்கு அது புரியாது. அதனால் படம் எடுக்கும் முன் ஏதாவது ஒரு வெள்ளைப் பொருளைக் காட்டி, பட்டனை அமுக்கி, 'இதுதாண்டா வெள்ளை' என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். அதை வைத்து மற்ற நிறத்தையெல்லாம் அதுவே சரிசெய்துகொள்ளும்.

கல்யாணத்தில் வெள்ளைக்கு என்ன பஞ்சம்? மாப்பிள்ளை வேஷ்டி எதிரே இருக்கிறது. மாமி வேஷ்டியைக் காட்டினாள், பட்டனை அமுக்கினாள்.

அது முகூர்த்த வேஷ்டி. மஞ்சளில் நனைத்தது.

மாமி கண் வைத்துப் பார்க்கிற அந்தச் சின்ன ஓட்டையில் படம் கறுப்பு வெள்ளையாகத்தான் தெரியும். அதில் மஞ்சளும் வெள்ளையும் ஒன்று. மஞ்சளை வெள்ளை என்று நம்பிய கேமரா, கல்யாணம் முழுவதையும் நீலமாக்கிவிட்டது. மாப்பிள்ளை நீலம், வாத்தியார் நீலம், பூசணிக்காய் நீலம், பாலும் பழமும் நீலம். மாதவியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். புக்ககத்தில் எல்லோரும் கூடி உட்கார்ந்து கேசட்டைப் போட்டார்கள். ஓரகத்தியின் குழந்தை, "சித்தி, நீ கிருஷ்ணரைக் கல்யாணம் பண்ணிண்டியா?" என்று கேட்டது. மாமியார் மாதவியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "அன்னிக்கு உனக்கு உடம்பு சரியில்லையாம்மா?" என்றாள்.

அன்றிலிருந்து அது நீலக் கல்யாணம். மாதவி தனக்குக் கிடைத்த பிரதியைக் குப்பையில் போட்டாள். மன்னியோடு பேச்சை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் தேவலை. ஒவ்வொரு விசேஷத்திலும் பேசினாள். "மன்னி, போட்டோ எடுக்கறா, நீங்க சித்த தள்ளி நிக்கறேளா? உங்க கை பட்டா சாயம் ஒட்டிக்கும்." மாமி சிரித்துக்கொண்டே தள்ளி நிற்பாள். வீட்டுக்கு வந்து பாத்திரங்களைச் சத்தமாக அடுக்குவாள்.

அந்த மாதவியின் பெண் மஹிமாவுக்குப் போன ஆவணிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை அபினவ், டாலிகஞ்சில் வீடு. மஹிமா நேராக மாமி வீட்டுக்கு வந்து சோபாவில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"மாமி, என் கல்யாணத்தை நீங்கதான் எடுக்கணும். அந்த டேப் கேமராவில."

"விளையாடாதேடி. உனக்கு ட்ரோன் எல்லாம் வரதாமே?"

"ட்ரோனும் வரும், கேண்டிட்காரனும் வருவான். எல்லார் கல்யாணமும் ஒரே மாதிரி இருக்கு மாமி. இப்ப டேப்தான் ட்ரெண்ட். என் ஃபிரண்ட்ஸ் எல்லாம் ஃபோன்ல ஃபில்டர் போட்டு டேப் மாதிரி பண்ணிக்கறா. என்கிட்ட ஒரிஜினலே இருக்கு, கூடவே ஒரிஜினல் மாமியும் இருக்கா."

மாமியின் காது இரண்டும் சிவந்தது. பிரிக்காத கேசட் ஒன்றே ஒன்று டின்னில் பாக்கி இருந்தது. இப்போது கடையில் கிடைக்காத சரக்கு. எதற்காக அதை வைத்துக்கொண்டிருந்தாள் என்று அந்த நிமிஷத்தில்தான் அவளுக்கே தெரிந்தது.

தகவல் மாதவிக்குப் போய்ச் சேர்ந்த கையோடு அவளே வந்து நின்றாள். வாசலில். ஜன்னலுக்கு நேராக. இந்த முறை மாமி நகரச் சொல்லவில்லை.

"மன்னி, குழந்தை ஆசைப்படறா. சரி. ஆனா ஒண்ணு சொல்லிட்டேன். தாலி கட்டறச்சே எம்பொண்ணு மூஞ்சி அவ நிறத்துல வரணும். நீலம் வந்துதோ, அந்தக் கேசட்டை என் கையில குடுத்துடணும். நேரா கங்கையில போட்டுட்டு முழுக்குப் போட்டுட்டு வந்துடுவேன்."

"வராதுடி."

"அன்னிக்கும் இதையேதான் சொன்னேள்."

மாமி இப்போதெல்லாம் வேஷ்டியை நம்புவதில்லை. நீலக் கல்யாணத்துக்கப்புறம் அவளுடைய வெள்ளை, இட்லி. எந்த விசேஷத்துக்குப் போனாலும் முதலில் சமையல்கட்டுக்குப் போய் ஒரு தட்டு இட்லி வாங்கி, ஹால் விளக்குக்கு அடியில் நாற்காலியில் வைத்து, குனிந்து கேமராவில் காட்டுவாள். மஹிமா கல்யாணத்தன்றும் காலை டிபன் நேரத்தில் அது ஆயிற்று. இட்லியைக் காட்டினாள், பட்டனை அமுக்கினாள், அடையாளம் மினுக்கி நின்றது. அந்த இட்லியை சிவராமகிருஷ்ணன் எடுத்துச் சாப்பிட்டார்.

கல்யாணம் பாலிகஞ்சிலேயே ஒரு ஏசி மண்டபத்தில். வெளியே ஆவணிப் புழுக்கம். காசியாத்திரையை எடுக்க வாசலுக்குப் போகும்போது, மாமி கேமராவைப் பாலிதீன் பையில் போட்டு வாயை இறுக்கிக் கட்டித் தூக்கிக்கொண்டு போனாள். குளிரிலிருந்து நேராகப் புழுக்கத்துக்குக் கொண்டுபோனால், ஐஸ் தண்ணி டம்ளரில் முத்து முத்தாக வேர்க்கிற மாதிரி கேமராவுக்குள் வேர்க்கும், நாடா ஒட்டிக்கொள்ளும். பைக்குள்ளேயே கொஞ்ச நேரம் இருந்து பழக வேண்டும். பையில் ஏதோ கனமாகத் தொங்குவதைப் பார்த்த லைட்காரன் பாபி கண்ணை அகல விரித்தான். "மாஷிமா, இலிஷா? எத்தனை கிலோ?"

"ராம ராமா! மீன் இல்லைடாப்பா, கேமரா!"

"ஓ" என்றான் பாபி. ரொம்ப ஏமாற்றம்.

வம்பு, மணமேடையில் காத்திருந்தது. மேடைக்குப் பின்னால் சுவர் முழுக்க எல்.ஈ.டி. திரை. மாதவியின் சொந்த ஏற்பாடு. ஒரு மாதமாக அவள் எல்லோரிடமும் ஃபோனில் சொல்லிக்கொண்டிருந்தது அதைத்தான். "சுவரே எரியும்! பேர் ஓடும், ஹார்ட் பறக்கும்!" உண்மைதான். மஹிமா என்றும் அபினவ் என்றும் பெயர்கள் ஓடின, செக்கச்செவேலென்று இதயங்கள் பறந்தன. மாமி ஓட்டையில் கண்ணை வைத்தாள். பின்னால் அத்தனை வெளிச்சம் இருந்ததால், முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் கரிக்கட்டை. போதாததற்கு, திரையில் கறுப்புப் பட்டைகள் மேலிருந்து கீழே உருண்டன.

கன்னிகாதானம் முடிந்து மஹிமா கூறைப்புடவை கட்டிக்கொள்ள உள்ளே போனாள். திரும்பி வந்தால் தாலி. மாமி ஒயரை இழுத்துக்கொண்டு ஓடினாள். லைட்காரர்கள் கறுப்பு டி-ஷர்ட் போட்டிருந்தது அவளுக்கு நினைவிருந்தது. கறுப்பு டி-ஷர்ட் ஒன்று எதிரே வந்தது. நடுத்தர வயது, மீசை. பிடித்துக்கொண்டாள்.

"தாதா! ஆலு கொமாவ்! ஆலு!"

கொமாவ் என்றால் குறை. அந்த மனிதர் பரிமாறுகிற ஆள். சமையல்கட்டுக்காரர்களுக்கும் கறுப்பு டி-ஷர்ட்தான். கல்யாணத்தில் போய் உருளைக்கிழங்கைக் குறைக்கச் சொல்கிறாளே என்று அவர் முகம் சுருங்கியது.

"ஆலு? கொமாபோ? கொதோ?" எவ்வளவு குறைக்க?

மாமிக்குப் பாதி என்று சொல்ல வேண்டும். அவசரத்தில் ஹிந்திக்குத் தாவினாள். "ஆதா! ஆதா!"

வங்காளத்தில் ஆதா என்றால் இஞ்சி. உருளைக்கிழங்கைக் குறை, இஞ்சி போடு. அவர் ஒரு முறை தலையாட்டிவிட்டுச் சமையல்கட்டுப் பக்கம் விரைந்தார். மாமி நிம்மதியாக மேடைக்குத் திரும்பினாள். சுவர் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

மஹிமா கூறைப்புடவையில் வந்து அப்பா மடியில் உட்கார்ந்தாள். வாத்தியார் தாலியைத் தட்டில் வைத்து ஆசீர்வாதத்துக்குச் சுற்றுக்கு அனுப்பினார். எல்லோரும் தொட்டுக் கும்பிட வேண்டும், இருந்த அவகாசம் அவ்வளவுதான்.

"இன்னும் கொமாவே ஆகலையே! எங்க போய்த் தொலைஞ்சார் அந்த மீசை?" என்று மாமி புலம்பிக்கொண்டிருந்தபோது மாதவி பக்கத்தில் வந்து நின்றாள்.

"என்ன மன்னி, நீலமா?"

 மாமி கேமராவை அப்படியே அவள் கண்ணுக்கு நேராக நீட்டினாள். மாதவி ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள்.

"யாரு இது?"

"உன் பொண்ணு."

"பக்கத்துல?"

"மூக்கை வெச்சுப் பார்த்தா உன் மாப்பிள்ளை. நிச்சயமாச் சொல்ல முடியாது."

மாதவி கண்ணை எடுத்து மேடையைப் பார்த்தாள். அங்கே மஹிமா மஞ்சள் பூசிய முகத்தோடு பளபளவென்று இருந்தாள். மறுபடி ஓட்டையில் பார்த்தாள். கரி.

"இது உங்க கேமரா கோளாறு."

"கேமரா வெளிச்சம் எங்க ஜாஸ்தியோ அங்கதான்டி பார்க்கும். நீ சுவத்துக்கு வெளிச்சம் போட்டிருக்கே. பொண்ணுக்குப் போடலையே."

மாதவிக்கு மூக்கு நுனி துடித்தது. பறக்கும் இதயங்களை ஒரு தடவை பார்த்தாள். பிறகு இந்த ஊரிலேயே பிறந்த தொண்டையால் மண்டபம் அதிரக் கத்தினாள்.

"ஏய் பாபி! ஆலோ நேபாவ்!"

விளக்கை அணை. சுத்தமான ஓ. கடைசி வரிசையில் சமோசா தின்றுகொண்டிருந்த பாபி எழுந்து நின்றான். "காகிமா, ஹார்ட் ஓடிண்டிருக்கே..." என்கிற தோரணையில் கையை விரித்தான்.

"நேபாவ்!"

சுவர் செத்தது, கூடவே ஹால் விளக்குகளும். "ஐயையோ, கரண்ட் போயிடுத்தா?" என்று பின்வரிசையில் ஒரு மாமா எழுந்தார். இப்போது மேடை மொத்தமும் மங்கல். அக்னியும் குத்துவிளக்கும் மட்டும் முணுமுணுத்தன.

"இப்ப ஒண்ணுமே தெரியலையே மன்னி!"

மாமி திரும்பிப் பார்த்தாள். பெண்ணையும் மாப்பிள்ளையையும் கிழக்கே பார்த்துத்தான் உட்கார வைப்பார்கள். அப்படியென்றால் கேமராவுக்குப் பின்னால் கிழக்கு. கிழக்குச் சுவரில் வரிசையாக ஜன்னல். ஏசி போய்விடக் கூடாதென்று அதன்மேல் டெகரேஷன்காரர்கள் தங்கக் கலர் துணியைக் குத்தி மூடியிருந்தார்கள்.

"ஏன்னா! ஜன்னல்! அந்தத் துணியை இழுங்கோ!"

சிவராமகிருஷ்ணன் இழுத்தார். துணி, கம்பி, அதில் தொங்கிய பிளாஸ்டிக் ரோஜா எல்லாம் சேர்ந்து அவர் தலையில் விழுந்தது. துணிக்குள்ளிருந்து வங்காளத்தில் சில வார்த்தைகள் கேட்டன. ராத்திரி மழையில் கழுவிவிட்ட வெயில் ஜன்னல் வழியாக நேராக மேடையில் போய் விழுந்தது. மஹிமா கண்ணைச் சுருக்கிச் சிரித்தாள். "பேஷ், சூரிய பகவானே வந்துட்டார்" என்றார் வாத்தியார்.

தாலித் தட்டு சுற்று முடிந்து மேடைக்கு ஏறிக்கொண்டிருந்தது. அப்போதுதான் மாமிக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலையில் இட்லியைக் காட்டியது ஹால் விளக்கில். இது வெயில். கேமரா கற்ற பாடம் இந்த வெளிச்சத்துக்குப் பொருந்தாது. மறுபடி வெள்ளை காட்டாவிட்டால் திரும்பவும் நீலம்தான்.

"வெள்ளை! யாராவது வெள்ளையா ஏதாவது குடுங்கோளேன்!"

ஒரு தமிழ்க் கல்யாணத்தில் வெள்ளை என்று ஒன்றுமே கிடையாது என்பதை மாமி அன்றைக்குக் கண்டுபிடித்தாள். வேஷ்டி மஞ்சள். அட்சதை மஞ்சள். வாத்தியாரின் துண்டு ஒரு காலத்தில் வெள்ளை. நாற்காலி உறை தங்கம். பூச்சரத்தில் பாதி பச்சை. இட்லி கீழ்த்தளத்தில். "ஏன்னா, உங்க தலையைக் குனியுங்கோ!" என்றாள். துணியிலிருந்து வெளியே வந்த சிவராமகிருஷ்ணன் குனிந்தார். கல்யாணத்துக்காக முந்தின நாள்தான் சாயம் அடித்திருந்தார். கன்னங்கரேல்.

நாதஸ்வரக்காரர் வாத்தியாரின் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்வரிசையில் ஷிப்ரா பௌதி எழுந்து நின்றாள். நல்ல காரியத்தில் வங்காளிகள் சங்கு ஊதுவார்கள். தாலி கட்டும்போது ஊதுவதற்காகத் தன் வீட்டுப் பூஜைச் சங்கைத் துடைத்துக் கொண்டுவந்திருந்தாள். மாயவரத்துச் சொந்தங்கள் காலையிலிருந்தே அதைப் பார்த்து ஒதுங்கி ஒதுங்கி உட்கார்ந்தார்கள். அவர்கள் ஊரில் சங்கு ஊதுகிற காரியம் வேறு. பௌதி சங்கை உயரத் தூக்கினாள்.

பால் போல வெள்ளை.

"பௌதி! ஊதாதே!" என்று மாமி அலறினாள்.

"அப்பாடா" என்றது மாயவரம்.

"அப்படியே பிடி! வெயிலில பிடி! ஆடாதே!"

தமிழில்தான் கத்தினாள். முப்பது வருஷ அண்டைவீடு. பௌதிக்குப் புரிந்தது. சங்கை வெயிலில் நீட்டிச் சிலையாக நின்றாள். மாமி சங்கு மட்டும் தெரிகிற அளவுக்குக் கேமராவை இழுத்துப் பட்டனை அமுக்கினாள். அடையாளம் மினுக்கியது. மினுக்கிக்கொண்டே இருந்தது.

"கெட்டிமேளம்..." வாத்தியாரின் விரல் மேலே போயிற்று.

"மன்னி!" என்றாள் மாதவி, பல்லைக் கடித்துக்கொண்டு.

மினுக்கல் நின்றது.

"இப்ப ஊது!" என்று மாமி மேடைப் பக்கம் திரும்பினாள். மேளம், நாதஸ்வரம், சங்கு, வங்காள மாமிகளின் குலவை எல்லாம் ஒரே சமயத்தில் வெடித்தன. அபினவ் தாலி கட்டினான். ஒயர் தட்டி ஒரு நாற்காலி விழுந்தது, மாமி அசையவில்லை.

மத்தியானப் பந்தியில் உருளைக்கிழங்கு ரோஸ்ட் ஆளுக்கு ஒன்றரைத் துண்டு வந்தது. அதில் இஞ்சி மட்டும் தாராளம். "என்னடி இது, கறியா கஷாயமா?" என்று சிவராமகிருஷ்ணன் இலையைப் பார்த்துக் கேட்டார். மாமி தூரத்தில் ஒரு கறுப்பு டி-ஷர்ட் மீசையைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்துப் பெருமையாகத் தலையசைத்தார். மாமி தலையைக் குனிந்துகொண்டு ரசம் கேட்டாள்.

ஆனால் கேசட்டில் என்ன இருக்கிறது என்று இன்னும் யாருக்கும் தெரியாது. அந்த ஓட்டையில் எல்லாமே கறுப்பு வெள்ளைதானே. டீவியில் போட்டால்தான் சாயம் வெளுக்கும்.

மறுவாரம் மாதவி வந்தாள். மஹிமாவும் அபினவும் கூட வந்தார்கள். மாமி ஒயர்களைச் சொருகினாள். 

முதலில் கரிக்கட்டைகள், பின்னால் பறக்கும் இதயம். மாதவி தொண்டையைச் செருமினாள். பிறகு சுவர் அணைந்தது. துணி விழுந்தது, வெயில் வந்தது.

மேடை நீலமாயிற்று.

மஹிமா நீலம், அபினவ் நீலம், வாத்தியார் நீலம்.

"வந்துடுத்து!" மாதவி சோபாவிலிருந்து எழுந்தே விட்டாள். "சொன்னேனா இல்லையா? வாங்கோ, இப்பவே கங்கைக்குப் போலாம்!"

"சித்த உக்காருடி" என்றாள் மாமி. 

படம் குலுங்கியது. அவசரத்தில் மாமி பதிவை நிறுத்த மறந்திருந்தாள். திரை முழுக்க ஒரு சங்கு வந்தது. வெளிர்நீலச் சங்கு. அதைப் பிடித்திருந்த விரல்களும் நீலம்.  அப்புறம், பாலில் விழுந்த மை தானாக வடிந்துபோகிற மாதிரி, நீலம் சங்கிலிருந்து மெல்ல இறங்கிப் போயிற்று. சங்கு வெள்ளையாயிற்று. "இப்ப ஊது!" என்று டீவிக்குள்ளிருந்து மாமி கத்தினாள். கேமரா திரும்பியது.

மஹிமா இருந்தாள். கூறைப்புடவை அரக்கு. முகத்தில் மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. கண்ணோரத்தில் வெயில் மினுங்கியது. மூக்குத்திகூடத் தனியாகத் தெரிந்தது.

"மாமி... செம" என்றாள் மஹிமா. அபினவ், "என் மூக்கு இவ்வளவு பெரிசா?" என்றான். 

 படம் முடிந்ததும் மாதவி கையை நீட்டினாள்.

"கேசட்டைக் குடுங்கோ மன்னி."

"எதுக்குடி? நீலம் வரலையே! கங்கைக்கு எதுக்கு?"

"கங்கைக்கு யார் சொன்னா? எங்காத்து பீரோவில இருக்கட்டும்."

மாமி கேசட்டை ஆரம்பம் வரை சுற்றி, அழிந்துபோகாமல் இருக்கச் சின்னத் தாழ்ப்பாளைத் தள்ளி, டப்பாவில் போட்டு, கூடவே நாலு சிலிக்கா ஜெல் பொட்டலங்களையும் வைத்துக் கொடுத்தாள். பெண்ணைப் புக்ககம் அனுப்புகிற மாதிரி வாசல்வரை போய்ச் சொல்லிக்கொண்டே இருந்தாள். "நிக்க வெச்சு வை, படுக்க வைக்காதே. ரேடியோ பக்கத்துல வைக்காதே. ஆயுதபூஜை வரது, சந்தனம் கிந்தனம் தடவிடாதே!"

"எனக்குத் தெரியும். அது உங்க ஸ்பெஷாலிட்டி."

இரண்டு படி இறங்கிய மாதவி நின்றாள். திரும்பாமலே கேட்டாள்.

"அந்த நீலக் கேசட் இன்னும் இருக்கா?"

"இருக்கு. பூஞ்சைகூடப் பிடிக்கல."

"அதையும் குடுங்கோ."

"அதை என்னடி பண்ணப்போறே?"

"பாக்கறதுக்குத்தான். அப்ப அவர் என்ன ஒல்லியா இருந்தார் தெரியுமா? நீலமா இருந்தா என்ன, தொப்பை இல்லையே."

மாமி உள்ளே போய் டின்னைத் திறந்தாள். மாதவி படியிலேயே நின்றாள். மாடிப்படி ஜன்னல் அவளுக்கு நேர் பின்னால் இருந்தது. கேசட்டோடு திரும்பி வந்த மாமியால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"சித்த இந்தப் பக்கம் வாடி. மூஞ்சியே தெரியல."